தாத்தாவுக்கு .303, பேரனுக்கு ஏ.கே.203: நடுவில் ஹங்கேரி துப்பாக்கி வந்தது எப்படி?

தேனி, போடி, கம்பம், கூடலூர் பக்கம் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையும் ராணுவத்தில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். மூணு பேரும் பிடித்த துப்பாக்கியை வரிசையாகப் பார்த்தாலே இந்திய ராணுவத்தின் கதை பாதி புரிந்துவிடும்.

தாத்தா காலம்: 1962

சீனப் போரில் நம் வீரர்களில் பெரும்பாலானோர் கையில் இருந்தது பிரிட்டிஷ் காலத்து .303 லீ என்ஃபீல்ட். குறி தவறாது. ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த குண்டு. எதிரில் இருந்த சீன வீரர்களிடமோ டிரிக்கரை அழுத்த அழுத்தச் சுடும் துப்பாக்கிகள்.

போர் முடிந்ததும் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் எஸ்.எல்.ஆர். தயாரிப்பு வேகமெடுத்தது. அதன் மூலம் பெல்ஜியத்தின் ஃபால் ரைஃபிள். 1971 போரில் நம் வீரர்களுக்குத் துணை நின்றது இதுதான்.

அப்பா காலம்: இன்சாஸும் இறக்குமதியும்

1980களில் சொந்தமாக ஒரு ரைஃபிள் செய்ய முடிவானது. புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் வடிவமைத்ததுதான் 5.56 மி.மீ. இன்சாஸ். வடிவமைப்பு முடிந்தும் தொழிற்சாலைகள் தயாராக நாளானது. எல்லையில் இருக்கும் ஜவான் அதுவரை காத்திருக்க முடியுமா?

அதனால் 1990-92ல் ரஷ்யா, ஹங்கேரி, ருமேனியா, இஸ்ரேல் நாடுகளிடமிருந்து ஏ.கே. வகை ரைஃபிள்கள் சுமார் 1 லட்சம் வாங்கப்பட்டன.

ஹங்கேரிக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

சின்ன நாடுதான், ஆனால் இந்தத் தொழிலில் பழைய கை. தலைநகர் புடாபெஸ்டில் ஃபெக் என்ற துப்பாக்கித் தொழிற்சாலை 1891லேயே தொடங்கிவிட்டது. 1939ல் பால் கிராலி என்ற பொறியாளர் டனுவியா சப்மெஷின் கன்னை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு சோவியத் பிடிக்குள் போனதும், ரஷ்ய ஏ.கே.வை அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். 1960களில் அதைத் தங்கள் வசதிக்கு மாற்றி, குட்டைக் குழலும் முன்னால் ஒரு கைப்பிடியும் வைத்து ஏ.எம்.டி. 65 என்று இறக்கினார்கள். வாகனத்துக்குள் உட்கார்ந்து போகும் வீரர்களுக்கு அது வசதி.

சோவியத் கூட்டணி உடைந்தபோது ஆர்டர்கள் வற்றின. காலப்போக்கில் ஃபெக்கில் துப்பாக்கி உற்பத்தியே நின்றுபோனது. ஹங்கேரி தன் ராணுவத்துக்குத் தேர்ந்தெடுத்த பிரென் 2 ரைஃபிளுக்கு, 2018ல் செக் நாட்டு நிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது.

மெஷின் கன் கதையும் இதேதானா?

கிட்டத்தட்ட. நம் ராணுவம் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய பிரென் எல்.எம்.ஜி.யின் பெயரே 'ப்ர்னோ' என்ற செக் ஊரையும் 'என்ஃபீல்ட்' என்ற இங்கிலாந்து ஊரையும் சேர்த்து வைத்தது. கான்பூரில் தயாராகும் எம்.ஏ.ஜி. பெல்ஜியத்திலிருந்து வந்த வடிவம். 2020ல் இஸ்ரேலின் நெகெவ் 16,479 வாங்க ஒப்பந்தம் போடப்பட்டது.

சரி, திருச்சி எங்கே வருகிறது?

தேனியில் பஸ் ஏறி திண்டுக்கல் வழியாகப் போனால் திருச்சி. அங்கே 1966ல் தொடங்கிய மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையும் இன்சாஸ் தயாரித்தது. 1999 கார்கில் போரில், குளிரில் மேகசின் விரிசல் விடுகிறது, நடுவில் சிக்கிக்கொள்கிறது என்று இன்சாஸ் மீது புகார்கள் எழுந்தன. பிறகு அதில் திருத்தங்கள் செய்யப்பட்டாலும் ஏ.கே. மீதான நம்பிக்கை குறையவில்லை.

அந்த ஏ.கே. பாணியிலேயே திருச்சி தொழிற்சாலை உருவாக்கியதுதான் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்'. அன்று ஹங்கேரியிலிருந்து வந்த துப்பாக்கிக்குப் போட்ட அதே 7.62x39 மி.மீ. குண்டுதான் இதற்கும்.

பேரன் கையில் என்ன?

2019ல் அமெரிக்காவின் சிக் 716 ரைஃபிள்கள் 72,400 வாங்க ஒப்பந்தமானது. 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஏ.கே.203 துப்பாக்கிகளை உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் ரஷ்யக் கூட்டுடன் தயாரிக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபரில் திருச்சி தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் போனது. இனி அரசு நேரடியாக நடத்தும் ஆலை அல்ல, ஆர்டர் பிடித்து ஓட வேண்டிய கம்பெனி.

ஃபெக்கின் கதை இங்கேதான் உறைக்கிறது. துப்பாக்கி செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. தொடர்ந்து ஆர்டர் வேண்டும். களத்திலிருந்து வரும் புகாரைக் கேட்டு உடனே சரிசெய்யும் ஆட்களும் வேண்டும். இதில் ஒன்று தடுமாறினாலும், எல்லையில் நிற்கும் கம்பத்துப் பையன் அடுத்த துப்பாக்கிக்கு வேறொரு நாட்டின் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.