தூக்கத்தைக் கெடுக்கும் கீரிப்பூச்சி!
ஒரு பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதாது

நடு ராத்திரி. ஒண்டிக்குடித்தன வீடு. ஒரே பாயில் மூன்று பிள்ளைகள். இரண்டு தூங்கிவிட்டன. ஒன்றாம் வகுப்புக் கடைக்குட்டி மட்டும் புரண்டு புரண்டு படுக்கிறாள்.

"அம்மா, பின்னாடி அரிக்குதும்மா!"

"மிட்டாயா தின்னே இல்லே? அதான் பூச்சி. பேசாம படு!"

மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறாள். அங்கே டீச்சரிடம் திட்டு. பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது.

குற்றவாளி யார்?

மிட்டாய் அல்ல, கீரிப்பூச்சி! பார்த்தால் வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். பெண் புழு சுமார் 1 சென்டிமீட்டர் நீளம். பகலில் குடலில் பதுங்கிக் கிடக்கும். பிள்ளை தூங்கியதும் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ராத்திரி அரிப்புக்கு அதுதான் காரணம்.

சொறிந்தால் முட்டை நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். விரல் வாய்க்குப் போனால் மறுபடியும் வயிற்றுக்குள்! பாய், தலையணை, ஜட்டி, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு, 2 வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளை கடித்த பென்சிலைப் பக்கத்துப் பிள்ளை கடித்தால் போதும்.

கண்டுபிடிப்பது எப்படி?

பிள்ளை தூங்கி 2, 3 மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் புழு நெளிவது தெரியலாம். காலையில் கால் கழுவுவதற்கு முன்பு செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக் கொடுத்தால், பரிசோதனைக்கூடத்தில் முட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

"ஸ்கூல்லதான் மாத்திரை கொடுத்தாங்களே?"

உண்மைதான். 2015 முதல் நடக்கும் தேசிய குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குத் தருவது அல்பெண்டசோல். அது கீரிப்பூச்சியையும் கொல்லும். ஆனால் முட்டையை முழுசாக அழிக்காது. அதனால் 2 வாரம் கழித்து இன்னொரு வேளை வேண்டும். வீட்டில் மற்றவர்கள் சாப்பிடாவிட்டால், போன பூச்சி அதே பாயில் திரும்பி வரும்!

ஆகவே, டாக்டரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஜட்டி மாற்றி, போர்வையைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். சாப்பிடும் முன்பும், கக்கூசு போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சுத்தமான வீட்டுக்கும் கீரிப்பூச்சி வரும். 'அழுக்குப் பிள்ளை' என்று யாரையும் ஒதுக்க வேண்டாம். ராத்திரி அழும் பிள்ளைக்கு வேண்டியது அடி அல்ல; மருந்து!