கடற்காற்றும் கணினிப் பெட்டியும்

கொற்கையில் தொடங்கிய முத்து வணிகம், பிற்காலத்தில் காயலிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் நிலைகொண்டது. தூத்துக்குடிப் பார்களில் 1961ஆம் ஆண்டுக்குப் பின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகம் இன்று வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சரக்குப் பெட்டகங்களின் கணக்கும் உப்பு ஏற்றிய வண்டிகளின் எடைச்சீட்டும் இன்று கணினியில் பதிவாகின்றன. அக்கணினிகளுக்கு இக்கரையின் காற்றே முதற்பகை. அப்பகையை எதிர்கொண்டு நிற்பதோ, விலைப்பட்டியலின் கடைசி வரியில் இடம்பெறும் பெட்டி.

அப்பெட்டியைப் பலரும் ‘சிபியு’ என்றே அழைக்கின்றனர். உண்மையில் சிபியு என்பது தாய்ப்பலகையில் பொருத்தப்படும், உள்ளங்கையில் அடங்கும் மையச் செயலகம். பெட்டிக்குக் கடைத்தெரு வழக்கில் ‘கேபினெட்’ என்று பெயர். உள்ளிருப்பதன் பெயரை உறைக்கு இட்டுவிட்டதாலோ என்னவோ, உறையைத் தனியே ஆராய்ந்து வாங்கும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை.

கிழக்கிலிருந்து வீசும் கொண்டல், அலை சிதறும் நுண்துளிகளைச் சுமந்து வருகிறது. நீர் ஆவியாகி உப்புத்துகள் எஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு அவ்வீரத்தை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீர்க்கத் தொடங்கும். சமையலறை உப்புச்சாடி மழைக்காலத்தில் கசிவதை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அதே கசிவு தாய்ப்பலகையின் மெல்லிய செப்புத்தடங்களின் மேல் நிகழும்போது மின்சாரம் செல்லக்கூடாத வழியில் செல்கிறது, தடங்கள் அரிக்கப்படுகின்றன. துறைமுகப் பகுதியில் நிலக்கரித் தூசியும் இதனுடன் சேர்கிறது. தூசி ஈரத்தைப் பிடித்துவைக்க, உப்பு தன் வேலையைச் செய்கிறது.

அப்படியானால் பெட்டியை முற்றிலும் மூடிவிடலாமே எனத் தோன்றலாம். மூடினால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் மிகுந்தால் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்வழங்கியின் ஆயுளும் குறையும். முத்துச்சிப்பிக்கும் இதே இக்கட்டு உண்டு. ஓட்டைத் திறக்காவிடில் உணவும் உயிர்வளியும் இல்லை. திறந்தாலோ மணலும் பகையும் நுழையும். சிப்பி சிறிதளவே திறந்து, செவுள்களால் நீரை வடிகட்டி வாழ்கிறது. நல்ல பெட்டியும் அவ்வாறே சுவாசிக்க வேண்டும். குளிர்ந்த காற்று முன்புறக் கீழ்ப்பகுதியில் வடிகட்டி வழியே நுழைந்து, சூடாகிப் பின்புற மேற்பகுதியில் வெளியேறுவதே சிறந்த அமைப்பு.

இங்கே விசிறிகளின் எண்ணிக்கையை விட அவற்றின் கணக்கே முதன்மையானது. முன்னால் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு காற்றை உள்ளிழுக்க, பின்னால் அதே அளவுள்ள ஒன்று மட்டும் வெளியேற்றினால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றே மிகும். அப்போது இடுக்குகள் வழியே காற்று வெளியே கசியுமேயன்றி உள்ளே வாராது. வெளியேற்றும் விசிறிகள் மிகுந்தால் நிலை தலைகீழாகும். வடிகட்டியைத் தவிர்த்து ஒவ்வோர் இடுக்கும் தூசிக்கு வாயிலாகும். மெல்லிய தாள்துண்டு ஒன்றை இடுக்கின் அருகே பிடித்துப் பார்த்தால் போதும். அது வெளிநோக்கிப் பறக்க வேண்டும். வடிகட்டி எளிதில் கழற்றக்கூடியதாகவும் நன்னீரில் கழுவத்தக்கதாகவும் இருத்தல் நன்று. திருகாணி நான்கைக் கழற்றினால்தான் வடிகட்டி கைக்கு வரும் என்றால் அதனை எவரும் கழுவப்போவதில்லை.

எந்த வலையும் நுண்ணிய உப்பை முற்றாகத் தடுக்காது. ஆதலால் தகட்டையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டால் ஆனவை. கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவர்; அவை தாம் அரிந்து இரும்பைக் காக்கும். தகட்டின் பூச்சும் அப்படிப்பட்டதே. எனினும் வெட்டிய விளிம்பிலும் திருகாணித் துளையிலும் இரும்பு வெளிப்பட்டிருக்கும். துரு அங்கேதான் தலைகாட்டும். விளிம்பு மடிக்கப்பட்டிருந்தால் கையும் கிழியாது, துருவும் தாமதிக்கும். பக்கத்தகட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தும்போது அது தளர்ந்து குழிந்தால் தகடு மெலிது என்று கொள்ளலாம். அலுமினியப் பெட்டி இலேசானது. ஆனால் அதில் எஃகுத் திருகாணி முடுக்கப்பட்ட இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். பூச்சுகளை ஒப்பிட, 5 விழுக்காட்டு உப்புக்கரைசலை 35 பாகை செல்சியசில் தெளித்துச் சோதிக்கும் முறை உண்டு. அச்சோதனையில் தாங்கிய மணிநேரத்தைக் கரையோரத்து ஆண்டுகளாக மாற்றிக் கணக்கிடுதல் பொருந்தாது.

1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறைப்படி தாய்ப்பலகை 305 × 244 மில்லிமீட்டர். அதற்கேற்ற பெட்டியில் 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையையும் பொருத்தலாம். ஆகவே உள்ளுறுப்புகள் பழமையடைந்து மாற்றப்பட்டாலும் நல்ல பெட்டி தொடர்ந்து பயன்படும். வண்ண விளக்குகளுக்கும் முன்புறக் கண்ணாடிக்கும் தரும் பணத்தைத் தகட்டிற்குத் தருவதே அறிவுடைமை. அக்கண்ணாடி பல பெட்டிகளில் காற்றின் வாயிலையே அடைத்துவிடுகிறது.

உப்பளத்தின் நடுவிலும் கப்பல் மேடையிலும் வைக்கப்படும் கணினிகளுக்கு வேறு வழி உண்டு. விசிறியே இல்லாமல், உடல் முழுவதும் அலுமினிய இதழ்கள் கொண்ட மூடிய பெட்டிகள் வெப்பத்தைப் புறச்சுவர் வழியே வெளியேற்றும். அவற்றின் மீதுள்ள ஐபி 65 என்னும் குறியீட்டில் 6 தூசி புகாமையையும் 5 பீய்ச்சும் நீரைத் தாங்குதலையும் குறிக்கும். விலை மிகுதியாதலால் பள்ளிக்கும் வீட்டிற்கும் அவை தேவையில்லை.

இயங்கும் கணினியின் உட்புறம் அறையை விடச் சூடாயிருப்பதால் அங்கே ஈரப்பதம் குறைந்து உப்பு உலர்ந்தே கிடக்கும். இயங்காத கணினியில்தான் அது இரவுதோறும் கரைந்து பகலில் காய்கிறது. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கணினிக்கூடத்தில் வாரம் இருமுறையேனும் கருவிகளைச் சிறிது நேரம் இயக்குதல் இதனால் இன்றியமையாதது. இயக்கிய சூடு ஆறுமுன் நெகிழி உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். மூடுவதற்குப் பழைய பருத்தித் துணியே போதும்.