சாவி கொடுக்க வேண்டாத வாட்ச்: பொட்டளவு பாட்டரியை நம்பிப் போட்ட பணம்

காலையில் எழுந்ததும் வாட்சுக்குச் சாவி கொடுப்பது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த காரியம். காதருகே வைத்து "டிக் டிக்" சத்தம் கேட்டால்தான் மனசுக்கு நிம்மதி. ஒருநாள் மறந்துவிட்டால் முள் நின்றுவிடும். ஷிப்டுக்குப் பிந்திப் போய் வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

இன்று பெரும்பாலோர் சாவி கொடுப்பதில்லை. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு பாட்டரி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பாட்டரியை நம்பிப் பணம் போட்டவர்கள் யார், தயங்கியவர்கள் யார் என்பது பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையே, சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் நடந்த கதை.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஒருமுறை போட்டால் 50 வருஷம் உழைக்கும் பாட்டரி" என்று சொல்லி முதலீடு கேட்கும் பேச்சு உலகத்தில் பல இடங்களில் கிளம்பியிருக்கிறது. பெங்களூரோ புதுத் தொழிலுக்குப் பணம் தேடுபவர்கள் வந்து குவியும் ஊர். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பத்தாயிரம், இருபதாயிரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் காதிலும் இந்தப் பேச்சு விழலாம். எதை நம்புவது? எதை விடுவது?

மாப்பிள்ளைக்கு ஒரு எச்.எம்.டி.

முதலில் பழைய கதை. மத்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் 1953-ல் பெங்களூர் ஜாலஹள்ளியில் தொடங்கப்பட்டது. இயந்திரங்களைச் செய்வதற்கான இயந்திரங்களைச் செய்வதே அதன் முதல் வேலை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு வாட்ச் தொழிற்சாலையும் வந்தது. 'ஜனதா', 'பைலட்' என்ற பெயர்கள் நாடெங்கும் பரவின. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் போடுவது கௌரவம். ஓய்வு பெறுபவருக்கும் அதுவே பரிசு. பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ!

ஆனால் 1969 டிசம்பர் 25-ந் தேதி டோக்கியோவில் ஒரு புதுச் சரக்கு விற்பனைக்கு வந்தது. அது சீக்கோ கம்பெனியின் 'அஸ்ட்ரான்', உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4 லட்சத்து 50 ஆயிரம் யென். அன்று ஜப்பானில் ஒரு சிறு கார் வாங்கும் பணம்! சாவி கிடையாது, பெரிய சுருள்வில் கிடையாது. ஒரு படிகத் துண்டும் ஒரு பாட்டரியும்தான்.

வரவு அல்ல, செலவுதான் ரகசியம்

இவ்வளவு சிறிய பாட்டரி வருஷக்கணக்கில் எப்படி உழைக்கிறது?

குவார்ட்ஸ் என்பது ஒரு வகைப் படிகம். மின்சாரம் பட்டால் அது அதிரும். இன்றைய சாதாரண வாட்சில் இருக்கும் படிகம் ஒரு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. உள்ளே இருக்கும் சிறு மின்னணுச் சில்லு அந்த எண்ணிக்கையைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, இப்படி 15 முறை செய்கிறது. கடைசியில் வினாடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரைத் தட்ட, வினாடி முள் ஓர் அடி நகரும்.

இந்த வேலைக்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். சுமார் ஒரு மைக்ரோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பல வாட்சுகளில் போடும் சில்வர் ஆக்சைடு பாட்டரி ஒன்றின் குறுக்களவு 6.8 மில்லிமீட்டர், தடிமன் 2.6 மில்லிமீட்டர்.

ஒரு குடும்பஸ்தர் கணக்காகப் பார்ப்போம். அந்தப் பாட்டரியில் 28,000 ரூபாய் கையிருப்பு என்று வைத்துக்கொள்வோம். வாட்சின் செலவு மணிக்கு ஒரு ரூபாய். அப்படியானால் 28,000 மணி நேரம் ஓடும். அதாவது மூன்று ஆண்டுக்கு மேல்!

ஆக, பாட்டரி நீண்ட நாள் உழைப்பதற்குக் காரணம் அதில் பெரிய சொத்து இருப்பது அல்ல. வாட்ச் சிக்கனமாகச் செலவு செய்வதே காரணம். கதைக்குச் சாரம் இதுதான். இதை மறந்தவர்கள்தான் பிற்பாடு ஏமாறுகிறார்கள்.

டாட்டா கேட்டார், டிட்கோ கொடுத்தது

1970-களின் கடைசியில் டாட்டா குழுமத்தைச் சேர்ந்த செர்க்சஸ் தேசாய் வாட்ச் தொழிலில் இறங்க வழி தேடினார். அது சுலபமாக இல்லை. பெரிய கம்பெனிகள் நினைத்தபடி புதுத் தொழில் தொடங்க முடியாதபடி 1969-ம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் குறுக்கே நின்றது. எச்.எம்.டி.யோ அசைக்க முடியாத மலை போல இருந்தது. சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் கடத்தல் வாட்சுகளுக்கும் குறைவில்லை.

அரசு நிறுவனம் ஒன்று கூட்டாளியானால் வழி பிறக்கும். தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ அப்படிக் கூட்டாளியானது. அப்போது டிட்கோவின் பொறுப்பில் இருந்தவர் ஐராவதம் மகாதேவன். ஆம், சிந்துவெளி எழுத்துகளையும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த அதே அறிஞர்தான்! 1980-ல் ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து விலகிய அவர், 1987 முதல் 1991 வரை 'தினமணி' ஆசிரியராகவும் இருந்தார். டாட்டாவும் தமிழ்நாடும் கைகோத்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

1984-ல் டைட்டன் வாட்சஸ் நிறுவனம் பதிவானது. டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளில் இருந்து பிறந்த பெயர் அது. பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியும் கிடைத்தது. ஆலை ஓசூரில் எழுந்தது. முதல் கடை 1987-ல் பெங்களூர் சஃபீனா பிளாசாவில் திறக்கப்பட்டது.

ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, நுணுக்கமான வேலையில் பழக்கினார்கள். வீட்டை விட்டு வந்த அந்த இளம் பிள்ளைகளைப் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து கவனித்துக்கொள்ளவும் கம்பெனி ஏற்பாடு செய்தது.

"பாட்டரி தீர்ந்தால் எங்கே போவது?" என்ற சந்தேகம் வாங்குகிறவர்களுக்கு எழத்தானே செய்யும்? வாட்ச் விற்கும் கடையிலேயே பாட்டரியும் மாற்றிக் கொடுத்தார்கள். நல்ல பொருள் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

இரண்டு முடிவுகள்

எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் வாட்ச் செய்தது உண்மை. ஆனால் அதன் பலம் சாவி கொடுக்கும் வாட்சிலேயே தங்கிவிட்டது. வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. நஷ்டம் மலையாகக் குவிந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. கை நுணுக்கத்தில் யாருக்கும் குறையாத தொழிலாளர்களின் கதை அப்படி முடிந்தது. இன்று ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.க்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

டைட்டனில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம். அதன் இன்றைய சந்தை மதிப்பு பல பத்தாயிரம் கோடி ரூபாய். அந்தக் கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி இன்று நகை வியாபாரத்திலிருந்து வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அஸ்திவாரம் போட்டது அந்தப் பொட்டளவு பாட்டரியில் ஓடிய வாட்ச்தான்.

50 வருஷப் பாட்டரி வந்துவிட்டதா?

இனி இன்றைய செய்தி. 2024 ஜனவரியில் சீனாவின் பீட்டாவோல்ட் கம்பெனி ஒரு பாட்டரியை அறிவித்தது. நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருளில் இருந்து மின்சாரம் எடுக்கிறது. 15 மில்லிமீட்டர் நீளம், அதே அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன். 50 ஆண்டு உழைக்கும் என்கிறது கம்பெனி. நிக்கல்-63 பாதியாகக் குறைய ஏறக்குறைய 100 ஆண்டு ஆகும் என்பதால், இது நடக்காத காரியம் அல்ல.

ஆனால் அது தரும் சக்தி எவ்வளவு? வெறும் 100 மைக்ரோ வாட். கைக்கடிகாரத்துக்குத் தாராளம். செல்போனுக்கு? பேசும்போது ஒரு வாட் தேவை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 10,000 பாட்டரிகள் வேண்டும். அவற்றை அடுக்கினால் 11 லிட்டர் கொள்ளளவுக்கு மேல் வரும். ஒரு வாளி நிறைய பாட்டரியைத் தூக்கிக்கொண்டு யார் போன் பேசுவது? அன்றாடம் சிறு தொகையை ஆயுளுக்கும் கொடுக்கும் பென்ஷன் போன்றது அது. அதைக் கொண்டு தினமும் கல்யாணம் நடத்த முடியாது.

நீண்ட ஆயுள் பாட்டரி உயிர் காக்கும் இடமும் இருக்கிறது. இருதயத் துடிப்பைச் சீர்படுத்தும் பேஸ்மேக்கர் கருவியில் பாட்டரி தீர்ந்தால் நோயாளி மீண்டும் கத்திக்குக் கீழே போக வேண்டும். ஆரம்ப காலப் பாட்டரிகள் அடிக்கடி இந்தச் சோதனையைத் தந்தன. 1972-ல் லித்தியம் அயோடின் பாட்டரி மனித உடலில் பொருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. அங்கேயும் கருவி கேட்பது மைக்ரோ வாட் அளவுச் சக்திதான்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அமெரிக்காவில் 2020-ல் ஒரு கம்பெனி, 28,000 ஆண்டு உழைக்கும் வைர பாட்டரி செய்வதாகப் பறைசாற்றியது. பெரிய ஆய்வுக்கூடங்களில் சோதித்ததாகவும் சொன்னது. பின்னர் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் அதன் நிறுவனர் மேல் மோசடி வழக்குத் தொடுத்தது. ஆகவே பணம் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது.

ஒன்று: எத்தனை வருஷம் என்பது சரி, ஒரு நேரத்தில் எத்தனை வாட் கொடுக்கும்? இதற்கு நேரான பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

இரண்டு: சோதித்தது யார்? பெயர் சொன்னால் போதாது. அந்த ஆய்வுக்கூடமே "ஆம், நாங்கள் சோதித்தோம்" என்று சொல்ல வேண்டும்.

மூன்று: எந்த விதமான கம்பெனி? பிரைவேட் லிமிடெட் கம்பெனி தன் பங்குகளை வாங்கும்படி பொதுமக்களை அழைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகையால் தெரிந்தவர் மூலமாக நோட்டீஸ் கொடுத்துத் தெருவில் பணம் திரட்டினால், பாட்டரி நல்லதோ கெட்டதோ, எச்சரிக்கையாக விலகிக்கொள்ளலாம்.

வாட்ச் பழுது பார்ப்பவர் புதுப் பாட்டரி போடுமுன் அதை மீட்டரில் வைத்துப் பார்ப்பார். விலை சொற்பம்தான். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் போடுவார். பாடுபட்டுச் சேர்த்த பணத்துக்கு அந்த ஒரு நிமிஷப் பரிசோதனை கூட வேண்டாமா?