காணாமல் போன சூரியன்!
கொடைக்கானலில் கிடைத்த துப்பு

"உங்க பில் கம்ப்யூட்டரிலே இல்லையே, சார்!"

கடையிலோ ஆபீசிலோ இந்தப் பதிலைக் கேட்டுத் தலையில் கை வைக்காதவர் உண்டா? பணம் கட்டிய ரசீது கையில் இருக்கும். கம்ப்யூட்டரோ "ரிக்கார்டு இல்லை" என்று கையை விரித்துவிடும்.

இதே வம்பு சூரியனுக்கும் வந்தது! எங்கே தெரியுமா? பழனி மலையில், கொடைக்கானலில்.

பஞ்சத்தால் வந்தது

கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சூரிய ஆய்வுக்கூடம். அது பிறந்த கதையே சோகக் கதை. 1876-78ல் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு அப்போது கிளம்பியது. அதன் பலனாக 1899ல் ஆய்வுக்கூடம் மலை ஏறியது.

1904 முதல், வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். வெள்ளைக்காரன் போனான், படம் பிடிப்பது நிற்கவில்லை. நூறு வருஷக் கணக்கு சேர்ந்தது!

தேதி மாறாட்டம்

பிற்பாடு இந்தத் தகடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. சில படங்களில் தேதியும் நேரமும் தப்பு. சில படங்கள் கோணம் மாறித் திரும்பிக் கிடந்தன. தகடு பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தேதியைச் சொல்லித் தேடினால் அது அகப்படாது!

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சூரியனே சாட்சி சொன்னது. அதன் முகத்தில் உள்ள கரும்புள்ளிகள், நாம் பார்க்கும்போது சுமார் 27 நாளில் ஒரு சுற்று வருகின்றன. நேற்று இங்கே இருந்த புள்ளி இன்று எங்கே இருக்க வேண்டும் என்பது கணக்கு. கணக்கு இடித்தால் தேதியோ கோணமோ தப்பு. பிற நாட்டு ஆய்வுக்கூடங்களின் படங்களோடும் ஒத்துப் பார்த்தார்கள்.

லண்டனுக்குக் கைகொடுத்த கொடை

சரி, படமே எடுக்காத நாள்? மழைக்காலத்தில் மலையை மேகம் மூடினால் சூரியன் ஏது! அந்த இடம் காலிதான். யாரும் கற்பனைப் படம் வைத்து நிரப்பக் கூடாது.

கடன் வாங்கலாம், பொய் எழுதக் கூடாது. லண்டன் கிரீன்விச் ஆய்வுக்கூடம் 1874 முதல் 1976 வரை எழுதிய கரும்புள்ளிக் கணக்கில் விட்டுப்போன நாட்களை நிரப்பக் கொடைக்கானல் படங்களும் உதவின!

இத்தனை கவலை எதற்கு? 1989 மார்ச்சில் சூரியப் புயல் தாக்கி, கனடாவின் கியூபெக் மாநிலம் சுமார் 9 மணி நேரம் இருட்டில் கிடந்தது. சூரியன் எப்போது சீறும் என்று கணிக்கப் பழைய கணக்கு வேண்டும். பொய்ப் பதிவு ஒன்று புகுந்தாலும் கணிப்பு தடுமாறும்.

கடைக்கும் அதே கதைதான்

கம்பெனிக் கம்ப்யூட்டரிலும் "இல்லை" என்று வரும் பதிவு பல சமயம் உள்ளேதான் இருக்கும். 3-4 என்பதை ஏப்ரல் 3 என்று ஒருவர் எழுதியிருப்பார். மார்ச் 4 என்று மெஷின் படித்திருக்கும். நம்பரின் முன்னே இருந்த சைபர் உதிர்ந்திருக்கும். வேறு கிளையிலோ, போன வருஷக் கணக்கிலோ ஏறியிருக்கும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பெயரை யாரோ பட்டியலிலிருந்து நீக்கியிருப்பார்கள். அவருடைய பில்கள் அநாதையாகத் தொங்கும்.

அவசரப்பட்டுப் புதுப் பதிவு போட்டால் தீர்ந்தது கதை! நாளைக்குப் பழையதும் தலைகாட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. ஒரே பாக்கிக்கு இரண்டு பில்!

முதலில் தேதி, நம்பர், கிளை பாருங்கள். அடுத்து, ரசீதுக் கட்டோடும் பாங்கிக் கணக்கோடும் ஒத்துப் பாருங்கள். பிறகு, பத்திரப்படுத்திய பழைய நகலைத் தேடுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால், "இல்லை" என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மேகம் மூடிய நாளைக் கொடைக்கானல் காலியாகத்தான் விட்டது. அதனால்தான் மற்ற நாட்களின் கணக்கை உலகம் நம்புகிறது!