செடி கொடிகளும் க்ஷேம லாபமும்

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று ஒருவரை நேராகக் கேட்டால், "ஏதோ இருக்கிறது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. அதே மனிதரிடம், "உங்கள் கத்தரிச் செடி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இலையில் விழுந்த பூச்சியில் ஆரம்பிப்பார். பூச்சியைப் பொறுக்கக் குனிந்தபோது இடுப்பில் பிடித்துக்கொண்டது வரும். தைலம் தேய்த்துவிட வீட்டில் ஆள் இல்லாத குறை அதன் பின்னால் வரும். அரை மணி நேரத்தில் பெங்களூரில் இருக்கும் மருமகளின் பிரசவம் வரையில் குடும்ப விருத்தாந்தம் முழுவதும் நம் காதில் விழுந்திருக்கும்.

இந்த உண்மையை நாம் எந்தப் புஸ்தகத்திலும் படிக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில், எங்கள் தெருக்கோடியில் உள்ள புங்க மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சியில் கற்றுக்கொண்டோம். மாலை ஆறு மணிக்கு அங்கே ஐந்து பேர் கூடுவது வழக்கம். பென்ஷன் வாங்கும் போஸ்ட்மாஸ்டர் ஒருவர், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தையற்காரர் ஒருவர், ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மாமி ஒருவர், ஐந்தாவது நாம். இச் சபைக்கு அக்கிராசனரும் இல்லை, சந்தாவும் இல்லை. எல்லோரும் மாடியில் தொட்டியிலும் பையிலும் ஏதோ நட்டு வைத்திருக்கிறோம் என்பது தான் எங்களுக்குள் உள்ள ஒரே சம்பந்தம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் பேசி ஓய்ந்த நமக்கு, அங்கே போய்ப் பிறர் பேசக் கேட்பது பெரிய விச்ராந்தி.

மழையைப் பற்றிப் பேசாமல் அந்தச் சபை ஒரு நாளும் கலைந்ததில்லை. சென்னைப் பக்கத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டிவிடுவதால், புரட்டாசி பிறந்ததுமே பேச்சு சூடு பிடித்துவிடும். 1792-இலேயே கும்பெனியார் வானாராய்ச்சிசாலை கட்டிய ஊர் இது. ஆயினும் போஸ்ட்மாஸ்டருக்கு நுங்கம்பாக்கத்துக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. அவருடைய மழைமானி, மொட்டை மாடியில் வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளி. அடி குறுகி வாய் அகன்ற வாளி, பெய்த மழையை விட அதிகமாகத் தான் காட்டும் என்று நாம் கணக்குப் போட்டுக் காட்டினோம். "உங்கள் கணக்கு பரீட்சைக்கு உதவும், சார்" என்று முடித்துவிட்டார்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு அந்த வாளி நிரம்பி வழிந்துவிட்டது. மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர் என்று சர்க்கார் கணக்கு சொல்லிற்று. வாளியும் நிரம்பியதால் எங்கள் வழக்கு தீர்ப்பாகாமலே நின்று போயிற்று. முடிச்சூர்ப் பக்கம் ஜனங்கள் மாடியில் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்த சமயத்தில், சிமெண்டுப் பெஞ்சியும் தண்ணீரில் முழுகிக் கிடந்தது.

அடுத்த வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. கார்டு வீட்டு முருங்கை முதல் காற்றிலேயே விழுந்தது. முருங்கைக்கு உடம்பில் வலு கிடையாது. ஆனால் உயிர் கெட்டி. ஒரு கிளையை வெட்டி மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். விழுந்த மரத்திலிருந்து கார்டு ஆளுக்கு ஒரு போத்து வெட்டிக் கொடுத்தார். இன்று எங்கள் ஐந்து வீட்டுக் கொல்லையிலும் நிற்பது அந்த ஒரே மரந்தான். அதற்கு 'வர்தா முருங்கை' என்றே பெயர்.

தேக சௌக்கியத்துக்கு வருவோம். தோட்டக்காரர்கள் எல்லோரும் அரை வைத்தியர்கள் என்பது நம் அபிப்பிராயம். இதில் லாபமும் உண்டு, அபாயமும் உண்டு. ஒரு முறை சுகாதார ஊழியர் வந்து, தொட்டிகளின் அடியில் வைத்திருந்த தட்டுத் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டுப் போனார். தையற்காரருக்குக் கோபம். மாமி தான் சமாதானம் சொன்னார்: டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணீர் தேங்கிய தட்டே போதும், ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தட்டைக் காய வைத்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று அவர் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை தோறும் தட்டுகளைத் தேய்த்துக் கழுவுவதென்று தீர்மானமாயிற்று. இன்று வரை அது நடந்து வருகிறது.

மற்றொரு வைத்தியம் அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை.

கார்டு வீட்டு வேலியில் சிறுகுறிஞ்சான் கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. அதன் இலையை மென்ற பிறகு சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போல இருக்கும்; தித்திப்பே தெரியாது. இந்த வேடிக்கையை எல்லோருக்கும் செய்து காட்டுவார். போஸ்ட்மாஸ்டருக்கு இருபது வருஷத்துச் சர்க்கரை வியாதி. நாக்கில் சர்க்கரையைத் தோற்கடித்த இலை ரத்தத்திலும் தோற்கடித்துவிடும் என்று அவர் எண்ணிக்கொண்டார் போலும். தினம் நாலு இலை மென்றார். இராத்திரி மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினார். இதை எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் காலை ஆறரை மணிக்கு அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். மாடித் தூம்பு வழியாக மாமி வீட்டுச் சந்தில் தண்ணீர் சொட்டும். ஒரு தை மாதத்தில் நாலு நாள் அது சொட்டவில்லை. மனிதரும் பெஞ்சிக்கு வரவில்லை. "ஜலதோஷம்" என்று வேலைக்காரி சொன்னாள். "ஜலதோஷத்துக்கு யாராவது செடியைக் காயப் போடுவார்களா?" என்று மாமி நேரே மாடிப்படி ஏறிவிட்டார்.

போஸ்ட்மாஸ்டர் வலது காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். எலுமிச்சை முள் தைத்துப் பத்து நாளாகியிருந்தது. நாள்பட்ட நீரிழிவில் பாதத்து நரம்புகள் மரத்துப் போவதால் அவருக்கு வலியே தெரியவில்லை. வலி இல்லாததால் புண்ணும் பெரிதாகத் தோன்றவில்லை. வெறுங்காலோடு மாடி மண்ணில் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஒரே மகன் அமெரிக்காவில். "அவனுக்குச் சொல்லக் கூடாது" என்று தகப்பனார் கண்டிப்பாக உத்தரவு போட்டார். தையற்காரர் சொல்லத்தான் வேண்டும் என்றார். நாம் இரண்டுங்கெட்டானாக நின்றோம். ஞாயிற்றுக்கிழமை மகன் டெலிபோனில் கூப்பிட்டபோது மாமி எடுத்து, "எல்லோரும் சௌக்கியம் தான் அப்பா. உன் அப்பாவின் தக்காளிக்குப் பத்து நாளாக நான் தான் தண்ணீர் ஊற்றுகிறேன்" என்றார். அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் சத்தமே இல்லை. மறு வாரம் மகன் வந்து இறங்கினான்.

கார்டு ஒரு வாரம் பெஞ்சிப் பக்கமே தலை காட்டவில்லை. கொடியை வேரோடு பிடுங்கப் போனவரை மாமி தடுத்து, "கொடி என்ன பாவம் செய்தது? மாத்திரையை நிறுத்து என்று அதுவா சொல்லிற்று?" என்று கேட்டாராம். இப்பொழுது யாராவது இலை கேட்டால், "டாக்டர் சீட்டைக் காட்டுங்கள்" என்கிறார் கார்டு.

மகன் ஒரு மாதம் இருந்தான். காலையிலும் மாலையிலும் தகப்பனார் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். பிள்ளையாண்டான் அன்பை எல்லாம் வாளியிலே காட்டியபடியால் நாலு மிளகாய்ச் செடிகள் வேர் அழுகிப் போயின. அவன் விமானம் ஏறிய அன்று மாலை, புதுச் செருப்பும் கைத்தடியுமாகப் போஸ்ட்மாஸ்டர் பெஞ்சிக்கு வந்து சேர்ந்தார். கால் எப்படி இருக்கிறது என்று நாம் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மிளகாய்ச் செடி விஷயத்தை மட்டும் அவன் காதுக்கு எட்டவிடக் கூடாது என்று எங்கள் நால்வரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். முக்கியமாக மாமியிடம், இரண்டு தடவை.