‘பரவால்ல’ என்பது திருப்தியா?

மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2021 மார்ச்சில் வாழ்வதற்கு எளிதான நகரங்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 111 நகரங்கள். பெருநகரங்களுள் பெங்களூர் முதலிடம், சென்னை நான்காமிடம். 2018 பட்டியலில் சென்னை பதினான்காவது. ஆனால் ஏறியது சென்னையா, மாறியது அளவுகோலா? மக்களையே கேட்டுப் பெற்ற கருத்துக்கு 30 சதவீத மதிப்பெண் என்பது இடையில் புதிதாகச் சேர்ந்தது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துத் திருப்தி கூடிவிட்டது எனச் சொல்ல முடியாது.

குன்றத்தூர் அந்த 111இல் இல்லை. இங்கே தண்ணி எப்படி, பஸ் எப்படி என்று நான் யாரைக் கேட்டாலும் வருகிற பதில் ‘பரவால்ல’. கவலை என்று பொருள்படும் ‘பர்வா’ உருது வழியே வந்து, நம் வாயில் சகிப்பின் சொல்லாகிவிட்டது. இல்லாமையில் வாழ்கிறவர்கள் ஆசைகளையே சுருக்கிக்கொள்வதால் அவர்களது திருப்தியை நலத்தின் அளவாகக் கொள்ளலாகாது என்கிறார் அமர்த்யா சென். ‘பரவால்ல’ இப்படிச் சுருங்கிய ஆசையின் மொழி எனலாம்.

இதன் மறுபக்கமும் கவனங்கொள்ளத்தக்கது. சேக்கிழார் பிறந்த இவ்வூர் 2021இல் நகராட்சியானது. பேரூராட்சியில் தெருவில் நின்றது மழைத்தண்ணி. நகராட்சியில் அதே தண்ணிக்குப் பெயர் ‘வடிகால் இல்லை’. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புவதைச் சந்தோஷமாக மட்டும் பார்க்க யாராலும் முடியவில்லை. வசதி குறையாமலேயே திருப்தி குறையலாம். எதிர்பார்க்க உரிமையுண்டு என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்து, யாரைக் கேட்கிறோம்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் வெளியூர்ப் பெண்களுக்கு நகரம் என்பது ஷிப்டும் ஹாஸ்டல் அறையும்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றபோது, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தப் படிவமும் கேட்காத கேள்விக்கு அது பதில். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கேயும் ஒருநாள் திருப்திப் படிவம் வரலாம். வார்டன் பக்கத்தில் நிற்க அதை நிரப்பினால் என்ன எழுதுவார்கள்? ‘பரவால்ல’ என்றுதான்.

ஆகவே கணக்கெடுக்கப் போகும் தோழர்களுக்கு ஒரு யோசனை. ‘திருப்தியா?’ என்று கேட்க வேண்டாம். ‘எதையெல்லாம் கேட்பதை விட்டுட்டீங்க?’ என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும்.