வயதை முந்திப் படிக்கும் பிள்ளைக்கு

1970களில் மலேசியாவின் ஜெஞ்சாரோமைச் சுற்றியிருந்த தோட்டங்களில், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகம் பரிசளிக்க யாரும் அதிகம் யோசிக்கவில்லை. பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு முன் தலைமையாசிரியர் பேருந்தேறிக் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ போவார். ஊதுவத்தி, பஞ்சாங்கம், சாமி படங்களுக்கு நடுவே, தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய நூல்கள் அங்குள்ள கடைகளில் இருக்கும். முதல் பரிசு மு. வரதராசனின் திருக்குறள் தெளிவுரை. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1949-இல் வெளியிட்ட கையடக்க நூல் அது. இரண்டாம் பரிசும் பல சமயம் அதுவேதான். பரிசு பெறுகிறவர் யார், ஏற்கெனவே என்ன படித்திருக்கிறார் என்ற கேள்விகள் எழுந்ததில்லை.

வீட்டில் நிலைமை சற்றுத் தேவலை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இருந்தது. 1972-க்குப் பிறகு கோகுலமும் முத்து காமிக்ஸும் வந்து சேர்ந்தன. இவற்றைத் தாண்டிய பிள்ளைக்கு அடுத்த படி என்று ஒன்று இல்லை. பத்து வயதுப் பெண் அம்புலிமாமாவை முடித்துவிட்டு நேராக அக்காவின் கல்கிக்கும் அகிலனுக்கும் தாவினாள். புரியாத காதலையும் துறவையும் ஒதுக்கிவிட்டு, குதிரை ஓடும் பக்கங்களைப் படித்தாள். இந்தத் தாவலில் இலாபம் இருந்தது: நீண்ட வாக்கியமும் தடித்த புத்தகமும் அவளை மிரட்டவில்லை. நட்டமும் இருந்தது. காவிரியின் கிளைகள் அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய லங்காட் ஆறு எந்தப் புத்தகத்திலும் ஓடவில்லை. லயத்து வீடும் பால்வாளியும் சீனர் மளிகைக்கடையும் கதைக்கு ஆகாதவை என்றே அவள் எண்ணியிருப்பாள். மலாயா அவசரகாலத்தில் இந்த ஆற்றோரத் தமிழர்கள் பட்ட பாட்டை அ. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ என்று நாவலாக்கியது வெகு காலம் கழித்துத்தான்.

அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பரிசு எதுவென்றால், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை வெளியான குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைச் சொல்வேன். பத்துத் தொகுதிகள். தோட்டச் சம்பளத்தில் வாங்கக்கூடிய பொருளல்ல. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது; தானாகத் தேடிப்போய்ப் பார்க்கும் பிள்ளைதான் அரிது.

பின்னர் பரிசுக்கான காரணமே மாறியது. 1988-இல், தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு வந்தது. ஏழு ஏ வாங்கியவருக்கு மாலை, பணமுடிப்பு, அடுத்த தேர்வுக்கான பயிற்சி நூல். பயிற்சி நூலைப் பரிசென்று கொடுத்த காலத்தைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. 2021-இல் அந்தத் தேர்வு ஒழிந்தது. அதற்குள் தோட்டங்கள் கலைந்து, பிள்ளைகள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளுக்கு மாறியிருந்தார்கள். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள்; இப்போது ஏறத்தாழ 530.

இன்று அதே வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கப் புத்தகம் மலையாகக் கிடக்கிறது. 2009-இல் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் விற்பனையில் ஆங்கில நூல்களைப் பெட்டி பெட்டியாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஷா ஆலாமில் 2011-இல் திறந்த ராஜா துன் ஊடா நூலகம் இருக்கிறது. தமிழில் தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசக் கதைகள். இவற்றில் பெரும்பாலானவை எட்டு வயதோடு நின்றுவிடுகின்றன. ஒன்பது முதல் பதின்மூன்று வரைக்கான தமிழ் நூல்கள் இப்போதுதான் வரிசைகட்டத் தொடங்கியுள்ளன. கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் பால சாகித்திய விருது பெற்றது. வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

அன்று எழாத கேள்வி இன்று எழுகிறது: வாசிக்க முடிந்த எல்லாவற்றையும் கொடுக்கலாமா? 1969 மே கலவரத்தை வைத்து ஹன்னா அல்காஃப் எழுதிய ‘தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’ நாவலின் ஒவ்வொரு சொல்லும் கெட்டிக்காரப் பத்து வயதுக்குத் தெரியும். அதில் வரும் சாவுகளைத் தாங்க இன்னும் மூன்று நான்கு ஆண்டு போகட்டும். அதே எழுத்தாளரின் ‘தி கேர்ல் அண்ட் தி கோஸ்ட்’ இப்போதே ஆகும். பேய் வருகிறது, ஆனால் கதை தோழமையைப் பற்றியது. 1979-இல் வந்த, கேலிச்சித்திரக்காரர் லாட்டின் ‘தி கம்போங் பாய்’ நூலை நீட்டினால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள், இவ்வளவு படிக்கிற பிள்ளைக்குப் படப்புத்தகமா என்று. அரை மணியில் படித்துவிடுவாள், உண்மைதான். ஈயச் சுரங்கம் நெருங்கிவரும் அந்த மலாய்க் கம்பத்துக்கு எத்தனை முறை திரும்புகிறாள் என்பதைப் பிறகு பார்க்க வேண்டும்.

இந்த நூல்கள் காட்டும் பல இனக் கலப்பு ஜெஞ்சாரோம் பிள்ளைக்கு வெளியிலிருந்து வரும் பாடமல்ல. சீனப் புத்தாண்டில் டோங் சென் ஆலயத்தின் விளக்குகளைப் பார்க்கப் போகிறாள். கேரித் தீவில் முகமூடி செதுக்கும் மா மெரி மக்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். 2018-இல் சீனா கழிவு இறக்குமதியை நிறுத்தியபின் உலகத்தின் பிளாஸ்டிக் இந்த ஊரில் குவிந்து எரிந்தது. அந்த நாற்றத்தை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பாள். ஆங்கிலத்திலும் மலாயிலும் அவளுக்கு ஏற்றதைத் தேடினால் கிடைக்கிறது. இந்த ஊரை, அவள் வயதுக்கு, தமிழில் சொல்லும் நூல் இன்னும் என் கண்ணில் படவில்லை.

அதுவரை தமிழ் நூல் சென்னையிலிருந்துதான் வந்தாக வேண்டும். அன்று கப்பல், இன்று விமானப் பொதி. அஞ்சல் செலவு பல சமயம் நூலின் விலையை மிஞ்சிவிடுகிறது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் கட்டுப்படியாகும். தீபாவளிக்குக் கொடுப்பதென்றால் ஆவணியிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும்.